எண்ணெயும் எண்ணிக்கையும்

எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரந்து இந்த டிசம்பரோடு இரண்டு வருஷம். அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று என் பழைய துறைமுகத்து நண்பரிடம் போனில் சொன்னேன். எதைப் பற்றி என்று கேட்டார். குளிர்காலத்துக்கு வரும் வாத்துகளையும் உள்ளான்களையும் யாராவது எண்ணினார்களா என்று கேட்டு எழுதப் போகிறேன் என்றேன். மனிதர் சிரித்தார். "யோவ், மனுஷனுக்கே கணக்கு முடியலை. நீ வாத்துக்குக் கணக்கு கேக்கறியா?"

நியாயமான கேள்விதான். வடசென்னையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் என் அபிப்பிராயம் வேறு. பறவைக் கணக்கை எடுக்காமல் விட்டதால்தான் மனுஷக் கணக்கும் முடியாமல் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நடந்ததை முதலில் சுருக்கமாக. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மணலி தண்ணீரில் மிதந்தது. வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்குள் இறங்கியபோது கூடவே எண்ணெயும் இறங்கியது. சி.பி.சி.எல். தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலை வளாகத்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதைச் சுட்டிக்காட்டியது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய் என்று கடலோரக் காவல்படை கணித்தது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்று ஒவ்வொரு ஊரிலும் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அலையாத்திச் செடிகளின் தண்டில் வெள்ளம் எந்த உயரத்துக்கு ஏறியது என்பதை எண்ணெய்க் கோடே காட்டியது.

அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் எட்டே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. போதுமா போதாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. (போதாது.) நான் கவனித்தது வேறு. குடும்பத்தை எண்ணினார்கள், படகை எண்ணினார்கள். இரண்டும் ஏற்கெனவே ஏட்டில் இருப்பவை. குடும்பத்துக்கு ரேஷன் கார்டு உண்டு, படகுக்குப் பதிவு எண் உண்டு. ஏட்டில் இருப்பதைத்தான் எந்த அரசாங்கமும் எண்ணும். ஆற்றின் அடியில் இருக்கும் சேற்றுக்கு என்ன ஏடு? அதில் இருந்த புழு, மட்டி, நண்டு, இறால் குஞ்சுக்கு என்ன ஏடு?

நான் 31 வருஷம் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுவது என் பிழைப்பு. அந்த வேலையின் சூட்சுமம் ஒரு வரியில் அடங்கும்: கப்பலோடு வரும் மேனிஃபெஸ்டில் 5,000 மூட்டை என்று இருந்து, டாலி ஷீட்டில் 4,940 என்று வந்தால், 60 மூட்டை குறைவு என்று சான்று கொடுக்கலாம், இன்ஷூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். மேனிஃபெஸ்டே இல்லாமல் கப்பல் வந்தால்? நீங்கள் எவ்வளவு ஒழுங்காக எண்ணினாலும் 4,940 என்பது வெறும் நம்பர். குறைந்ததா, கூடியதா, யாராலும் சொல்ல முடியாது. எண்ணூர்க் கழிமுகம் மேனிஃபெஸ்ட் இல்லாமல் நிற்கும் கப்பல். புயலுக்கு முந்தின டிசம்பரில் அங்கே எத்தனை ஊசிவால் வாத்து, எத்தனை பவளக்காலி, எத்தனை கூழைக்கடா இருந்தன என்று எனக்குத் தெரிந்த பறவை ஆர்வலர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், கைக்காசு போட்டு வருகிறவர்கள். ஆனால் ஒருவர் பாலத்திலிருந்து பார்த்திருக்கிறார், இன்னொருவர் படகில் போயிருக்கிறார். ஒருவர் நீர் ஏறின நேரம், இன்னொருவர் வற்றின நேரம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அது நாடு முழுக்க ஒரு பொதுக் கணக்கு. ஓர் ஆற்றின் வாயில் என்ன மாறியது என்று சொல்ல மாதா மாதம், ஒரே இடத்தில், ஒரே மாதிரி எண்ண வேண்டும்.

வருகிறவர்கள் யார் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கே மத்திய ஆசியா, சைபீரியா பக்கமெல்லாம் தண்ணீர் உறையும்போது அங்கே இருக்கும் பறவைகள் தெற்கே இறங்குகின்றன. அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. பழவேற்காடு ஏரிதான் பெரிய சத்திரம். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை, இன்னும் பலவகை உள்ளான்கள், ஆலாக்கள், கடற்புறாக்கள். பூநாரையைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு போகிறோம், அது அழகு. மற்றவை சேற்று நிறத்தில் சேற்றில் நிற்பதால் நம் கண்ணில் படுவதில்லை. பழவேற்காட்டையும் எண்ணூரையும் ஒரே நீர்தான் இணைக்கிறது. பறவைக்கு இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். எண்ணூரில் அண்மையில் நடந்த பெரிய எண்ணெய் விபத்துகள் இரண்டு. ஒன்று 2017 ஜனவரி 28, விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. இன்னொன்று 2023 டிசம்பர். இரண்டும் விருந்தாளிகள் வீட்டில் இருக்கும் மாசங்கள். முதலாவது தற்செயல். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. நமக்கு மழை கொட்டுவது நவம்பர், டிசம்பரில். ஆலை வளாகத்தில் தேங்கிய எண்ணெய் ஆற்றுக்குள் வர வேண்டுமென்றால் அந்த மாசங்களில்தான் வரும். பறவைகள் வருவதும் அதே மாசங்களில்தான். அடுத்த முறையும் இப்படித்தான் ஒன்றாக வரும்.

எண்ணெய் பட்டால் பறவைக்கு என்ன ஆகிறது? நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். கடற்கரையில் விளையாடிவிட்டு வந்தால் பாதத்தில் தார்க்கட்டி ஒட்டியிருக்கும். வாசலிலேயே நிறுத்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அம்மா தேய்த்து எடுத்த பிறகுதான் உள்ளே விடுவாள். பறவைக்கு மண்ணெண்ணெயும் இல்லை, துணியும் இல்லை. அதனிடம் இருப்பது அலகு ஒன்றுதான். இறகின் ஒவ்வோர் இழையும் பக்கத்து இழையோடு நுண்ணிய கொக்கிகளால் பின்னிக்கொண்டிருக்கிறது. அந்தப் பின்னல்தான் தண்ணீரைத் தோலுக்கு விடாமல் தடுக்கிறது, சூட்டைப் பிடித்து வைக்கிறது, மிதக்க வைக்கிறது. எண்ணெய் பட்டால் பின்னல் குலைகிறது. பறவை அலகால் கோதிக் கோதிச் சரிசெய்யப் பார்க்கிறது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அது தாக்கும்; இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை பிடிக்க வைக்கும்.

குளிர்ந்த கடல்களில் தோல் நனைந்த பறவை உடல் விறைத்தே செத்துக் கரை ஒதுங்குகிறது. படம் எடுக்கிறார்கள், உலகம் பதறுகிறது. நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பு. இங்கே உடனே சாவது குறைவு. 2023-ல் மார்பெல்லாம் பழுப்பேறிய கூழைக்கடாக்களின் படம் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கும். வனத்துறை பிடித்துக் கழுவப் போனபோது இருந்த சிக்கல், அவை இன்னும் பறந்துகொண்டிருந்தன. பறக்கிற கூழைக்கடாவை யார் பிடிப்பது? அது எழுந்து போயிற்று. எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்பது அதற்குத்தான் தெரியும். "எத்தனை பறவை செத்தது?" என்று டிவியில் கேட்டார்கள். கரையில் கிடந்த உடல் குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு என்று முடிவாகிவிட்டது. கேள்வியே தப்பு. காயம்பட்டவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பதால் அவனுக்குக் காயமில்லை என்று சொல்வோமா?

கூழைக்கடா உள்ளூர்க்காரன். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டைத் தாண்டினால் ஆந்திர எல்லைக்குள் நேலப்பட்டு. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பேர்பெற்ற இடம். அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் இந்த மழைக்காலத்தை ஒட்டித்தான். எண்ணெய் தோய்ந்த மார்போடு ஒரு பறவை முட்டையின் மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வாத்து முட்டைகளின் ஓட்டில் எண்ணெய் தடவி ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு சொட்டில் சிறு பங்கே உள்ளிருக்கும் கருவைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. உள்ளான்களுக்கு வேறு மாதிரிக் கஷ்டம். சிறகு நுனியிலும் வால் நுனியிலும் மட்டும் லேசாகக் கச்சா எண்ணெய் தடவி, காற்றுச் சுரங்கத்துக்குள் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பறப்பதற்கு ஆகும் சக்தி இருபது சதவீதத்துக்கு மேல் கூடியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டிய உயிர், உடம்பில் சேர்த்த கொழுப்புத்தான் அதன் பெட்ரோல். டாங்க் ரொப்பிக்கொண்டு கிளம்பும் லாரி, லிட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக ஓடினால் எங்கே நிற்கும்? நடுவழியில். அந்த உடல் எண்ணூர்க் கணக்கில் சேராது.

இதையெல்லாம் எப்படி ஐயா கண்டுபிடிப்பது என்றால், கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். வாத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

1989 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பல் பாறையில் ஏறி, நான்கு கோடி லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. கரையில் 35,000-க்கு மேல் பறவை உடல்களைப் பொறுக்கினார்கள். உண்மையில் செத்தவை இரண்டரை லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதாவது ஏழில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. அந்தக் கடற்கரையில் ஹார்லெக்வின் என்றொரு சிறிய கடல் வாத்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. நம் ஊருக்குக் கடல் வாத்துகள் வருவதில்லை, அதனால் தமிழில் பெயரும் இல்லை. இந்த வாத்து கரையோரக் கற்களுக்கு நடுவே நத்தை, சிப்பி, சின்னச் சின்ன இறால் மாதிரிப் பூச்சிகளைத் தின்னும். வருஷா வருஷம் அதே கரைக்கே திரும்பி வரும். நம் ஆட்கள் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவது போல.

விபத்துக்குச் சில வருஷங்களில் கரை சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். டான் எஸ்லர் முதலான ஆராய்ச்சியாளர்கள் 1995 முதல் 1998 வரை குளிர்காலங்களில் பெட்டை வாத்துகளின் உடலில் சிறு ரேடியோக் கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். எண்ணெய் படாத மாண்டேகு தீவுக் கரையில் நூற்றுக்கு 84 வாத்துகள் குளிர்காலத்தைத் தாண்டின. எண்ணெய் பட்டிருந்த கரைகளில் 78. ஆறுதானே வித்தியாசம் என்பீர்கள். பென்ஷன்காரனிடம் போய் ஆறு சதவீதம் சின்ன வித்தியாசம் என்று சொல்லிப் பாருங்கள்! குஞ்சுகள் குறைவாகப் பொரித்து, பல வருஷம் வாழும் இனத்துக்கு அந்த ஆறு போதும். கூட்டம் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போகும்.

அப்புறம் ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். எண்ணெயின் நச்சுப் பொருள்கள் உடம்புக்குள் போனால் அவற்றை முறிக்க ஈரல் ஒருவகை நொதியைக் கூடுதலாகச் சுரக்கும். அது கூடியிருந்தால் வாத்து அண்மையில் எண்ணெய் தின்றிருக்கிறது என்று பொருள். எண்ணெய் படிந்திருந்த கரைகளின் வாத்துகளில் அது கூடியே இருந்தது. பத்து வருஷம் கழித்தும் இருந்தது. இருபது வருஷம் கழித்தும் இருந்தது. 2011 வரை தெரிந்தது. 2013-ல் எடுத்த மாதிரிகளில்தான் இரண்டு கரைக்கும் வித்தியாசம் மறைந்தது. இருபத்து நான்கு வருஷம்! கற்களுக்கு அடியில் ஒளிந்திருந்த எண்ணெய் நத்தைக்கும், நத்தையிலிருந்து வாத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. மேலே கடல் நீலமாக, படம் எடுக்க அழகாக இருந்த வருஷங்கள் அவை.

எண்ணெய்க் கம்பெனி சும்மா இருக்கவில்லை. பாதிப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது, இரண்டு கரைக்கும் இயற்கையிலேயே வித்தியாசம் உண்டு என்று அவர்கள் பணத்தில் வேலை செய்த விஞ்ஞானிகளும் எழுதினார்கள். எழுதட்டும். சண்டை போடவாவது கையில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். 1991-ல் எக்ஸான் கம்பெனி அரசுகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 90 கோடி டாலர் கொடுத்தது. அந்த நிதியை நிர்வகிக்க ஒரு அறங்காவலர் குழு அமைந்தது. வாத்தின் ஈரலைப் பார்த்தது அழுக்காக்கியவன் காசில்தான்.

நம் ஊர் வெயிலில் எண்ணெய் சீக்கிரம் சிதைந்துவிடும் என்று ஒரு ஆறுதல் சொல்வார்கள். மேலே கிடப்பது சிதையும். சேற்றுக்குள் புதைந்து காற்றுப் புகாத இடத்துக்குப் போனது அத்தனை சுலபமாகச் சிதையாது. 1969-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் ஒரு சரக்குப் படகிலிருந்து எண்ணெய் கொட்டியது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து அந்தச் சதுப்பில் தோண்டிப் பார்த்தார்கள். நண்டுகள் வழக்கமான ஆழத்துக்கு வளை தோண்டாமல் எண்ணெய்ப் படுகை வந்ததும் நிறுத்திக்கொண்டு திரும்பியிருந்தன. நண்டுக்குத் தெரிந்திருக்கிறது.

நெட்டுக்குப்பத்துத் தம்பி ஒருவர், என் பேரன் வயசு, போன மார்ச்சில் இதையே வேறு பாஷையில் சொன்னார். "மேல இருந்தத அள்ளிட்டாங்க சார். அடியில இருக்கறத யாரு அள்ளுறது? காலை வெச்சா இன்னா, பளபளன்னு மேல வருது பாரு." அவர் காலை வைத்துக் காட்டினார். வந்தது.

என் நண்பருக்கு நான் சொல்லும் பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சேற்றில் காலை வைப்பது பறவை மட்டுமா? எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இருளர் குடும்பத்துப் பெண்கள் இடுப்பளவு நீரில் நகர்ந்து, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. ஆகவே படகுக் கணக்கில் அவர்கள் பிழைப்பு வராது. பவளக்காலி அலகை விடும் அதே சேற்றில் அவர்கள் விரலை விடுகிறார்கள். அது தின்னும் புழுவைத்தான் இவர்கள் பிடிக்கும் இறாலும் தின்கிறது. ஓர் உள்ளானின் இரத்தத்திலோ ஒரு மட்டியின் சதையிலோ எண்ணெய் இருந்தால், அது அந்தப் பெண்களின் கூடையிலும் இருக்க வாய்ப்புண்டு. காசிமேட்டில் விற்பனைக்கு வரும் வரை தெரியாமல் இருப்பதைவிட, பறவையிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதில்லையா? 2017-ல் இந்தக் கரைக்காரர்களின் மீனைச் சென்னையில் வாங்க ஆளில்லாமல் போனது. நல்ல மீனும் விலைபோகவில்லை, ஏனென்றால் எது நல்லது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. சோதனை ஏடு மாசாமாசம் இருந்திருந்தால் மீனவன்தான் அதை முதலில் தூக்கிக் காட்டியிருப்பான்.

ஒரு நல்ல ஆட்சேபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் எண்ணெய் மட்டுமா கெடுத்தது? அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கிறது. துறைமுகங்களுக்காகக் கரை மாறியிருக்கிறது. 'காக்கா ஆழி' என்ற அந்நியச் சிப்பி ஆற்றடியைப் பாய் விரித்த மாதிரி மூடி, இறாலை விரட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஊரே தெருவில் ஓடியது. (அதோடு பத்திரிகைகள் எண்ணெயை மறந்தன என்பது தனிக்கதை.) இத்தனைக்கும் நடுவில் ஒரு வாத்து குறைந்தால் எந்தக் கம்பெனியைக் கேட்பது? கம்பெனி வக்கீல் இதைத்தான் கேட்பார். அலாஸ்கா வழி இங்கேயும் செல்லும். எண்ணெய் படாத ஒரு கரையையும் சேர்த்து எண்ண வேண்டும். நமக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. பழவேற்காட்டின் மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் அதே மாசத்தில், அதே நீர்மட்டத்தில், அதே ஆட்கள் எண்ணட்டும். மழை குறைந்தால் இரண்டு இடத்திலும் குறையும். சைபீரியாவில் குஞ்சு குறைந்தால் இரண்டு இடத்திலும் குறையும். எண்ணூரில் மட்டும் குறைந்தால், அப்போது கேள்வி கேட்கலாம். சாம்பலா எண்ணெயா என்பதைச் சேற்றையும் மட்டியையும் சோதித்தால் ஆய்வகம் சொல்லும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒரு ரசாயன அடையாளம் உண்டு.

2017-ல் இதைத் தொடங்கியிருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை. அந்த முறை கப்பல் எண்ணெய் தார் மாதிரிக் கெட்டியாக எர்ணாவூர்ப் பக்கம் பாறைகளில் வந்து அடைந்தது. உறிஞ்சு லாரிகளால் இழுக்க முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் வரிசையாக நின்று பக்கெட்டால் அள்ளினார்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு என் வணக்கம். கொட்டிய எண்ணெயின் அளவு முதலில் சொன்னதிலிருந்து ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் இருநூறு டன்னைச் சுற்றி நின்றது. பக்கெட்டைக் கழுவி வைத்ததோடு கதை முடிந்தது. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் திறந்து, அடுத்த ஆறு குளிர்காலமும் எண்ணியிருந்தால், 2023 டிசம்பர் 4 அன்று எண்ணெய் வந்தபோது நம் கையில் மேனிஃபெஸ்ட் இருந்திருக்கும். தீர்ப்பாயத்தின் மேசையில் வைக்க ஒரு தாள் இருந்திருக்கும்.

பறவைக்கும் பிழைப்புக்கும் முடிச்சுப் போடுவது நமக்குப் புதிதுமில்லை. வேடந்தாங்கல் விவசாயிகள் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டு, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கி வைத்தார்கள். அவர்கள் வைத்திருந்தது தங்கள் வயல் கணக்கு. அதில் பறவையும் ஒரு வரி.

ஆகவே நான் கேட்பது இது. நவம்பர் முதல் மார்ச் வரை, மாசம் இரண்டு நாள், நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரம், காட்டுக்குப்பத்துச் சேற்றுத்திட்டு, சடையங்குப்பம், அத்திப்பட்டு உப்பளம், ஒப்பீட்டுக்கு அண்ணாமலைச்சேரி. வாரம் ஒருமுறை கரையோரமாக நடந்து செத்த உடல்களைக் குறித்தல். வருஷத்துக்கு இருமுறை சேறு, மட்டி, இறால் சோதனை. முடிவைக் குப்பத்துப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் ஒட்டுதல். குறைந்தது இருபது வருஷம். ஐந்து வருஷத் திட்டம் என்று யாராவது சொன்னால் அலாஸ்கா வாத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஐந்தில் நிறுத்தியிருந்தால் அங்கே எல்லாம் சுபம் என்று எழுதியிருப்பார்கள். செலவு எண்ணெயைக் கொட்டியவர் பொறுப்பு, தீர்ப்பாயம் அதைத் தனி நிதியாக வாங்கி வைக்க வேண்டும். எண்ணுகிறவர்கள் வெளியூர் நிபுணர்களாக மட்டும் இருக்கக்கூடாது. எந்தத் திட்டில் எந்த நேரம் எது இறங்கும் என்று படகு ஓட்டும் தம்பிகளுக்கும் இறால் பிடிக்கும் அம்மாக்களுக்கும் தெரியும். பறவையின் புத்தகப் பெயர்தான் தெரியாது, அது ஒரு வாரப் பாடம். அவர்களுக்குக் கூலி கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். படகு வாடகையும் டீசலும் இரண்டு தொலைநோக்கியும் எந்தப் பெரிய ஆலைக்கும் டீச்செலவு.

நண்பருக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "சரி, யார் எழுதுவா அந்த டாலி ஷீட்டை?" என்றார். ஜனவரிக் கணக்கெடுப்புக்குப் பழவேற்காடு போகிற பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். ஒரு படகு எண்ணூர்ப் பக்கமும் வருகிறதாம், காலை ஆறு மணிக்கு. என் முழங்காலுக்குப் படகில் ஏறத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டால் நான் எண்ணுவேன்.